கோபத்தின் விலை

1978இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தின் காளியை நம்மில் பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். விஞ்ச் இயக்கும் தொழிலாளி, முன்கோபி. மேலதிகாரியான என்ஜினீயரை எடுத்தெறிந்து பேசுவான், மனைவியை அதட்டுவான். தங்கை வள்ளி யாரை மணக்க வேண்டும் என்பதையும் அவளைக் கேட்காமலே முடிவு செய்வான். கடைசியில் அந்த என்ஜினீயருக்கே அவளைத் தரச் சம்மதிக்கும்போதுகூட, உங்களை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான். யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அந்த வீறாப்புக்காகவே அவனைக் கொண்டாடுகிறோம்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1974இல், கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' வந்தது. சுஜாதா நடித்த கவிதாவும் சிடுசிடுப்பானவள்தான். துறவியாகிப் போன அப்பா, குடித்துத் திரியும் அண்ணன், அவன் மனைவி மக்கள், விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி என எல்லோருக்கும் சேர்த்து ஒரே சம்பளம், அவளுடையது. அவள் வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் கப்சிப். அவள் சொல் ஒவ்வொன்றும் சுடும்.

இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். காளியின் கோபத்துக்கு அவன் தங்கைமீது வைத்த பாசமே போதுமான நியாயம். கவிதாவின் கோபத்துக்கு அது போதவில்லை. அவள் காதலித்தவனைத் தங்கைக்கு விட்டுத் தர வேண்டியிருக்கிறது. தனக்கென்று அமைந்த கல்யாணத்தையும் கடைசி நேரத்தில் இன்னொரு தங்கைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. இத்தனையும் கொடுத்த பிறகுதான், 'பாவம், அவள் கோபத்திலும் அர்த்தம் இருந்தது' என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். காளிக்கும் இழப்பு உண்டு, ஒரு கையை இழக்கிறான். ஆனால் அந்த விபத்துக்கு முன்பே நாம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டோம். கவிதாவின் அண்ணனுக்கோ இன்னும் மலிவு. வருஷக்கணக்கில் பொறுப்பில்லாமல் திரிந்தவன் கடைசியில் திருந்தினாலே போதும், நமக்குக் கண் கலங்கிவிடுகிறது.

இந்தப் பாரபட்சம் திரையில் பிறந்ததல்ல. நம் பேச்சிலேயே இருக்கிறது. 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்ற பழமொழியை யாரைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? அப்பாவை, மாமாவை, தாத்தாவை. அத்தையைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. முரடனாக இருக்கும் ஆணுக்கு ரோஷக்காரன், வெள்ளந்தி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன் என்று எத்தனை சலுகைச் சொற்கள்! பெண்ணுக்கு வாயாடி, ராங்கி, பஜாரி, அடங்காப்பிடாரி. பிடாரி கிராமத்துப் பெண் தெய்வம். கோயிலில் இருந்தால் கும்பிடுவோம், வீட்டுக்குள் இருந்தால் வசவு. அடங்காப்பிடாரிக்கு ஆண்பால் இல்லை.

தமிழ் சினிமா இந்தச் சொல்லை வைத்து ஒரு தனிக் கதை மரபையே வளர்த்தது. 1963இல் 'அறிவாளி', பானுமதியை சிவாஜி அடக்கும் கதை. 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா', லண்டன் போய் வந்த ஜெயலலிதாவை கிராமத்து மூக்கையன் வழிக்குக் கொண்டுவருகிறார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1992இல் 'மன்னன்', பெரிய தொழில் நிறுவனத்தை நடத்தும் விஜயசாந்தி முடிவில் இல்லத்தரசியாகிறார். முப்பது ஆண்டுகளில் உடையும் வசதியும் வேலையும் மாறின, முடிவு மாறவில்லை. இவற்றில் நாயகனின் முரட்டுத்தனம் மருந்து, நாயகியின் முரட்டுத்தனம் நோய்.

1999இல் வந்த 'படையப்பா' இதை வெளிப்படையாகவே சொன்னது. அளவுக்கு மீறி ஆசைப்படும் ஆணும், அளவுக்கு மீறிக் கோபப்படும் பெண்ணும் நன்றாக வாழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை என்று நாயகன் நீலாம்பரிக்குப் பாடம் சொல்கிறான். கவனியுங்கள், ஆணுக்கு ஆசையில்தான் எல்லை, கோபத்தில் இல்லை. சொல்கிறவனே ஊரறிந்த கோபக்காரன்.

ஆனால் இங்கேதான் எனக்கு நம்பிக்கை தரும் ஒன்று நடந்தது. நீலாம்பரி அடங்கவில்லை. அவன் போட்ட உயிர்ப்பிச்சையில் வாழமாட்டேன் என்று தன்னையே சுட்டுக்கொள்கிறாள். படம் அவளைத் தோற்கடித்தது. பார்வையாளர்களோ அவளை மறக்க மறுத்தார்கள். ரம்யா கிருஷ்ணனுக்குச் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. பணிவும் பொறுமையுமாக வந்த வசுந்தராவைவிட நீலாம்பரியின் பெயர்தான் இன்றும் பெண்கள் வாயில் புழங்குகிறது. படம் எழுதிய தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் பார்ப்பவருக்கு இல்லை.

இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்கத் தொடர் 'பிரேக்கிங் பேட்'டில் வால்டர் போதைப்பொருள் காய்ச்சுகிறான், கொலை செய்கிறான். ரசிகர்கள் வெறுத்ததோ அவனைத் தட்டிக்கேட்ட மனைவி ஸ்கைலரை. அந்த வெறுப்பு தன்மீதே திரும்பியதை நடிகை அன்னா கன் 2013இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வீடியோ கேமில் ஜோயல் ஒரு மருத்துவரைக் கொல்கிறான். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மருத்துவரின் மகள் ஆப்பி பழிவாங்குகிறாள். தகப்பனுக்காகப் பழிவாங்கும் மகன்களை எத்தனை கதைகளில் கைதட்டி வரவேற்றிருக்கிறோம்! ஆப்பிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கு வந்ததோ கொலை மிரட்டல்.

கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. திரையில் பழகிய தராசைத்தான் அலுவலகத்துக்கும் வகுப்பறைக்கும் எடுத்துப் போகிறோம். கடுகடுவென்றிருக்கும் பேராசிரியரை 'கண்டிப்பானவர், ஆனால் நல்லவர்' என்கிற நாமே, அதே கடுமையோடு பேசும் பேராசிரியைக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ என்று கேட்கிறோம். அவருக்குக் கண்டிப்பு குணம், இவருக்கு மட்டும் காரணம் வேண்டும்.

மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த முறை ஒரு கதாபாத்திரத்தைப் பார்த்து 'என்ன திமிர் இவளுக்கு' என்று தோன்றினால், அந்த இடத்தில் ஒரு காளியை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் அதே எரிச்சல் வந்தால் சரி. சிரிப்பு வந்தால், தராசைச் சரிபாருங்கள்.