சிவனொளிபாதமலையின் விடியல்

இலங்கையின் மலைநாட்டில் 2,243 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக எழுந்து நிற்கும் சிகரத்தைத் தமிழர் சிவனொளிபாதமலை என்கிறார்கள். சிங்களவருக்கு அது ஸ்ரீபாத, சமனல கந்த. முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை. உச்சிப் பாறையில் காலடி போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. அது சிவனுடையது என்றும், புத்தருடையது என்றும், ஆதமுடையது என்றும் கொண்டு மூன்று சமயத்தாரும் ஒரே படிகளில் ஏறுகிறார்கள். இரவோடு இரவாக ஏறி, உச்சியில் சூரியன் எழுவதைக் காண்பது இந்த யாத்திரையின் முறை. இன்று அந்த நேரத்துக்காகவே கேமராவோடு ஏறுவோரும் பலர்.

மலைமேல் பாதச்சுவடு இருப்பதை 5ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி ஃபாஹியான் எழுதிவைத்தார். 11ஆம் நூற்றாண்டில் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு, யாத்திரிகர்களின் உணவுக்கென கிலிமலை என்ற ஊரை மானியமாக விட்டான். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜ, வழியில் ஆறுகளுக்குப் பாலம் கட்டுவித்தார்.

வழியைப் பற்றி மிக விரிவாகச் சொன்னவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1344இல் புத்தளம் பக்கம் கரையிறங்கிய அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. ஆதமின் பாதத்தைக் காண்பதே தம் விருப்பம் என்று அவர் சொன்னதும், அரசர் பல்லக்கு கொடுத்தார். நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் சுமைதூக்க 15 பேரையும் உடன் அனுப்பினார். இஸ்லாமியர் ஒருவரைச் சைவ அரசர் ஒருவர் யோகிகளின் துணையோடு ஆதம் மலைக்கு அனுப்பிய இந்தச் செய்தி, அம்மலை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததற்கு மிக அழகான சான்று. மலைக்கு 'பாபா' வழி, 'மாமா' வழி என இரண்டு உண்டு; மாமா வழி எளிது, பாபா வழி கடினம் என்கிறார் அவர். செங்குத்துப் பாறையில் பற்றி ஏற இரும்புச் சங்கிலிகள் பத்து இருந்தன. யாத்திரிகர் உச்சிக்குக் கீழே ஒரு குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்து வருவார்களாம்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கை அரசன் முதலாம் ராஜசிங்கன் மலையைச் சைவத் துறவிகள் வசம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதை மீண்டும் பௌத்த பிக்குகளிடம் கொடுத்தான். கண்டி வீழ்ந்த 1815இலேயே ஆங்கிலப் படையதிகாரி மால்கம் உச்சியை அடைந்தார். இரண்டாண்டு கழித்து மருத்துவர் ஜான் டேவி ஏறினார்.

காப்பியும் பின்னர் தேயிலையும் வந்தபோது மலையடிவாரம் மாறியது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் காடழித்துத் தோட்டம் போட்டார்கள். 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. அதுவரை இரத்தினபுரிப் பக்கத்து நெடும்பாதையே பெருவழி. பின்னர் ஹட்டன், மஸ்கெலியா வழியே அடிவாரத்தை அடைவது எளிதாயிற்று. அந்தப் பாதை தொடங்கும் ஊரின் பெயர் நல்லதண்ணி. மலையகத் தமிழரின் பேச்சு அந்தப் பெயரில் இன்றும் இருக்கிறது.

விடியலைப் படம்பிடிப்பது மட்டும் நெடுங்காலம் கைகூடவில்லை. 1860களில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடிகள் எல்லாவற்றையும் படியேற்ற வேண்டும். அப்படியே ஏற்றினாலும் அந்தத் தகடு நீல ஒளிக்குத்தான் நன்கு இசையும். விடியலின் செம்மை அதில் பதியாமல் இருண்டுபோகும். 1880களில் உலர்தகடு பரவியபோது சுமை குறைந்தது. சிவப்பையும் உணரும் தகடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கடைக்கு வந்தன.

இத்தனை பேர் கிழக்கைப் பார்த்து நிற்க, அறிவியலாளரை ஈர்த்தது மேற்கு. சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே நெடுந்தூரம் நீண்டு, கச்சிதமான முக்கோணமாக விழுகிறது; சில வேளை நிமிர்ந்து எதிரே நிற்பதுபோலவும் தோன்றுகிறது. கானல்நீரைப் போன்ற ஒளிவிலகலே இதற்குக் காரணம் என்று ஒரு விளக்கம் வழங்கியது. 1886இல் வானிலையாளர் ரால்ஃப் அபர்குரோம்பி உச்சியில் இரவு தங்கிப் பார்த்தார். தரையில் விழ வேண்டிய நிழல் இடையே மிதந்துவரும் மூடுபனியில் விழுவதால்தான் எழுந்து நிற்பதாகத் தெரிகிறது என்று கண்டார். முக்கோண வடிவத்துக்குக் காரணம் தொலைவு. தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுகூடுவதாகத் தெரிவதைப் போல, நிழலின் இரு ஓரங்களும் கண்ணுக்குக் குவிகின்றன. எந்த வடிவ மலையானாலும் உச்சியில் நிற்பவருக்கு அதன் நிழல் முக்கோணமாகவே தெரியும்.

யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடிகிறது. அதன்பின் தென்மேற்குப் பருவமழை உச்சியை மூடிவிடும். பருவ நாட்களில் படிவழி நெடுக விளக்கெரிகிறது. சிங்களவர் கதிரவனின் எழுச்சியை 'இர சேவய' என்பார்கள். சூரியனே பாதத்தை வணங்க வருவதாக நம்பிக்கை. உச்சியில் தொங்கும் மணியை, எத்தனையாவது முறை ஏறினார்களோ அத்தனை தடவை அடிக்கிறார்கள். அரோகரா ஒலியும் சாது சாது ஒலியும் ஒருசேர எழுகின்றன. சூரியன் மேலேற மேற்கே கிடந்த நிழல் மலையை நோக்கிச் சுருங்குகிறது. அதற்குள் முதலில் வந்தவர்கள் படியிறங்கத் தொடங்கியிருப்பார்கள்.