ஒருத்தன் ஆட, பத்துப் பேர் பார்க்க...

1995-ல் அரியலூரையும் சேர்த்துக்கொண்டு பெரம்பலூர் தனி மாவட்டமான சமயம். ஊரில் ஒரு வீடியோ கேம் கடை. ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். ஆடுகிறவன் ஒருத்தன். அவன் முதுகுக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு பத்துப் பேர். 'டேய், மேல குதிடா!' என்று யோசனை வேறு இலவசமாக வரும். அந்தப் பத்தில் நானும் உண்டு. காசில்லாதவனுக்கு வேடிக்கைதானே விளையாட்டு!

எங்களால் கடைக்காரருக்குப் பைசா வருமானம் கிடையாது. ஆனால், அமெரிக்காவில் இதே வேடிக்கைக் கூட்டத்தை முதலாக்கிவிட்டார்கள். 2007-ல் தொடங்கிய 'ஜஸ்டின் டிவி' என்ற நேரலைத் தளத்தில் விளையாட்டுப் பகுதிக்கு ஏகப்பட்ட கூட்டம். 2011-ல் அதைத் தனியே பிரித்து 'ட்விட்ச்' என்று பெயர் வைத்தார்கள். 2014-ல் அமேசான் அதை வாங்கிய விலை 97 கோடி டாலர்! வேடிக்கை பார்ப்பவனின் மதிப்பு அது.

எதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியது 'க்ளவுட் கேமிங்'. விலை உயர்ந்த கம்ப்யூட்டர் உங்கள் வீட்டில் வேண்டாம். எங்கோ டேட்டா சென்டரில் அது ஓடும். படம் மட்டும் உங்கள் போனுக்கு வரும். 2010-ல் 'ஆன்லைவ்' இதைத் தொடங்கி, 2015-ல் மூடியது. 2019 நவம்பரில் கூகுள் 'ஸ்டேடியா'வோடு வந்தது. யூடியூபில் ஒருவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, பட்டனைத் தட்டி அவரோடு சேர்ந்து ஆடலாம் என்றார்கள். பத்துப் பேருமே ஆட்டக்காரர்கள்! அப்புறம் வேடிக்கைக்கு ஆளேது, ட்விட்ச் கதை முடிந்தது என்று நினைத்தால்... 2023 ஜனவரி 18-ல் ஸ்டேடியா கதைதான் முடிந்தது. அரியலூர் மண்ணைத் தோண்டினால் கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கடல் உயிர்களின் புதைபடிவம் கிடைக்கும். கூகுளின் கடையோ நாலு வருடத்துக்குள் புதைபடிவம்!

ஏன்? பி.காம். படித்தவன் ஆயிற்றே, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?

நேரலையில் ஒருத்தன் ஆட்டத்தை லட்சம் பேருக்குப் பிரதி எடுத்து அனுப்பலாம். ஐந்து விநாடி தாமதமானாலும் குடி முழுகாது. க்ளவுடிலோ ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் மெஷினில் தனிப் பங்கு வேண்டும். பட்டனை அமுக்கிக் கால் விநாடி கழித்துக் குதித்தால் ஆள் காலி. ஸ்டேடியா கேட்ட குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 10 மெகாபிட். அதாவது, மணிக்கு நாலரை ஜிபி. அது இந்தியாவுக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும், தினம் 2 ஜிபி ரீசார்ஜில் இருக்கும் பையன் அரை மணி நேரம்கூட ஆட முடியாது. அதே 2 ஜிபியில் தரத்தைக் குறைத்து வைத்தால் நாலு மணி நேரம் வேடிக்கை பார்க்கலாம்.

அந்த வேடிக்கையும் கம்பெனிக்குச் சும்மா வருவதில்லை. நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று 2024 பிப்ரவரியில் ட்விட்ச் தென்கொரியாவில் கடையைக் கட்டியது.

நம்மூரில் ஜியோ 2022-ல் வேடிக்கைக்கு ஒரு தளம், ஆட்டத்துக்கு ஒரு க்ளவுட் என்று இரண்டிலும் கால் வைத்தது. விவரமான வேலை! ஏனென்றால், ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்பது தப்புக் கணக்கு.

எனக்கும் எப்போதாவது ஒரு ரூபாய் கிடைக்கும். மூன்றே நிமிடத்தில் செத்துப்போவேன். வீட்டுக்கா போனேன்? நேராகப் பின்னால் போய்க் கூட்டத்தில் நின்றுகொள்வேன். ஆடிப் பார்த்த பிறகுதான், ஆடத் தெரிந்தவனின் அருமை புரிந்தது.

க்ளவுட் மலிவானால் வேடிக்கைக் கூட்டம் கரையாது, பெருகும். லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வாங்க முடியாத பெரம்பலூர்ப் பையனும் முன்னால் போய் உட்காருவான். அவனுக்கும் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு ரூபாய் தடை. இன்றைக்கு அவனுக்கு நாலரை ஜிபி.