மொழித்தரவுக் குறியேற்றத் தரங்களும் தமிழின் மூன்றாம் வேற்றுமையும்: ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: குறியேற்றம், பொதுக் கருத்துரு அமைப்பு, மொழித்தரவு, வேற்றுமை

முன்னுரை

ஒருவர் திரட்டிய மொழித்தரவைப் பிறர் எடுத்தாள வேண்டுமாயின், அதில் இடப்பட்ட இலக்கணக் குறிப்புகள் இருவருக்கும் ஒரே பொருளைத் தருதல் வேண்டும். இத்தேவையிலிருந்தே குறியேற்றத் தரங்களும், 'ஆன்டாலஜி' எனப்படும் பொதுக் கருத்துரு அமைப்புகளும் தோன்றின. இவற்றின் வளர்ச்சியையும், அதில் தமிழ் இலக்கணக் கூறொன்று எழுப்பும் வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறியேற்றத் தரங்களின் தோற்றம்

1986இல் எஸ்.ஜி.எம்.எல். எனும் குறியேற்ற மொழி பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. 1987 நவம்பரில் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், நூற்பாடங்களைக் கணினியில் பதியப் பொதுநெறி வேண்டுமென முடிவு செய்தனர். அதன் விளைவே டி.இ.ஐ. எனும் முயற்சி. அதன் முதல் வரைவு 1990இலும் விரிவான நெறிமுறைகள் 1994இலும் வெளிவந்தன. 1998இல் எக்ஸ்.எம்.எல். வந்தபின் அந்நெறிமுறைகளும் அதற்கு மாற்றப்பட்டன.

இத்தரங்கள் பெரிதும் தரவின் வடிவத்தையே ஒழுங்குபடுத்தின. ஒரே வடிவத்தைப் பின்பற்றும் இருவருள் ஒருவர் 'ஐ' உருபை 'இரண்டாம் வேற்றுமை' என்றும், மற்றவர் 'செயப்படுபொருள் வேற்றுமை' என்றும் குறித்தால், கணினி அவற்றை இருவேறு கூறுகளாகவே கொள்ளும்.

பொதுக் கருத்துரு அமைப்பு

இக்குறையைக் களையும் முயற்சி, அழிநிலை மொழிகளின் தரவுகளைக் காப்பதற்காக 2001இல் தொடங்கிய ஈ-மெல்ட் திட்டத்தில் உருப்பெற்றது. அதன் பகுதியாக ஸ்காட் ஃபாரர், டெரன்ஸ் லாங்கண்டோன் ஆகியோர் 'கோல்டு' எனும் மொழியியற் கருத்துரு அமைப்பை உருவாக்கி, 2003இல் அதனை விளக்கி எழுதினர். அனைவரும் ஒரே கலைச்சொல்லை வழங்க வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. அவரவர் கலைச்சொற்களைப் பொதுக் கருத்துருக்களோடு இணைத்துக் காட்டுவதே அதன் நெறி.

மூன்றாம் வேற்றுமை எழுப்பும் வினா

நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு ஆகிய உருபுகளை மூன்றாம் வேற்றுமைக்கு உரியனவாக்கி, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பவற்றை அதன் பொருள்களாகக் கூறுகிறது. பன்மொழித் தரவுகளுக்குப் பொதுவான 'யுனிவர்சல் டிபென்டன்சீஸ்' குறியீட்டுமுறையிலோ கருவியும் உடனிகழ்ச்சியும் இருவேறு வேற்றுமைகள். பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 600 தொடர்கள் கொண்ட தமிழ் மரவங்கியும் இவற்றைப் பிரித்தே குறித்தது. அதனால் 'கத்தியால்', 'நண்பனோடு' என்பன வெவ்வேறு குறியீடு பெறுகின்றன.

இப்பிரிப்பு பிற மொழிகளோடு ஒப்பிட உதவுகிறது. எனினும், மரபிலக்கணம் கண்ட ஒருமை தரவில் மறைகிறது. உருபை மட்டும் நோக்கி அதனை மீட்கலாம் எனின், இக்காலத் தமிழில் ஓரளவு இயலும், பழந்தமிழில் இயலாது. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு 'ஒடு' என்றே பெயரிடுகிறது. அவ்வுருபு கருவிப் பொருளிலும் வருவதை உரையாசிரியர்கள் காட்டியுள்ளனர். ஆகவே, 'ஒடு' வருமிடமெல்லாம் உடனிகழ்ச்சி எனக் கணினி தானே குறித்தால் அது பிழையாகும். 'மூன்றாம் வேற்றுமை' என்று மட்டும் குறித்தாலோ பொருள் வேறுபாடு புலப்படாது.

முடிவுரை

வடிவத்தில் தொடங்கிய தரப்படுத்தம் பின்னர்ப் பொருளை நோக்கி நகர்ந்ததை இவ்வரலாறு உணர்த்துகிறது. தமிழ்த் தரவுகளில் உருபு, மரபிலக்கண வகை, தொடரில் அது தரும் பொருள் ஆகிய மூன்றையும் தனித்தனி அடுக்குகளாகக் குறித்து, இறுதி அடுக்கைப் பொதுக் கருத்துருவோடு இணைப்பதே ஏற்ற நெறியாகும். இதற்கு உழைப்பு மிகுதியாக வேண்டும். ஆயினும், ஒருமுறை விடுபட்ட வேறுபாட்டைப் பின்னர்ச் சேர்க்க ஒவ்வொரு தொடரையும் மீளப் படிக்க நேரும் என்பதால், அவ்வுழைப்பைத் தொடக்கத்திலேயே செலுத்துவது தக்கது.