குதிகால் நாணும் ஒரு படிக்கட்டும்

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாண், மனித உடலிலுள்ள நாண்கள் யாவற்றினும் தடித்தது, வலியது. ஆயினும் இதில் வலி கண்டு நாட்பட்டுவிட்டால் எளிதில் நீங்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் மருத்துவர்கள் இவ்வலியை அழற்சி என்றே கருதினர். ஓய்வு, வலி தணிக்கும் மருந்து, இறுதியில் அறுவைச் சிகிச்சை என்பதே வழக்கம். ஆனால், நாட்பட்ட நோயில் நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து சிதைந்திருப்பதே முதன்மையானது என்பது பின்னர்ப் புலனாயிற்று. சிதைந்த இழைக்கு ஓய்வு மட்டும் வலுவூட்டுமா?

கனடா நாட்டில் ஸ்டானிஷ், கர்வின் என்போர் 1980களிலேயே பயிற்சியால் நாணை வலுப்படுத்த முயன்றனர். அதன்பின், சுவீடனின் வடபகுதியிலுள்ள ஊமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃபிரட்சன் தாமே இந்நோய்க்கு ஆளானார். அறுவை செய்யுமாறு மேலதிகாரியை வேண்டினார், அவர் இசையவில்லை. நாண் அறுந்துவிட்டால் அறுவை செய்தே தீரவேண்டுமன்றோ? எனவே, வலியைப் பொருட்படுத்தாது காலுக்குக் கடும் பயிற்சி கொடுத்தார். நாண் அறவில்லை; நாளடைவில் வலிதான் அகன்றது!

தம் ஒருவர் அனுபவத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அறுவைக்குக் காத்திருந்த 15 பேரிடம் அப்பயிற்சியைச் சோதித்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே எழும்புவதற்கு மற்றக் காலே உதவும். முழங்கால் நீட்டியும் மடக்கியும் நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரங்கள். பதினைவரும் மீண்டும் ஓடலாயினர். வழக்கமான சிகிச்சை பெற்ற வேறு 15 பேரும் அறுவைக்கே செல்ல நேர்ந்தது. இம்முடிவு 1998இல் வெளிவந்தது.

அறிவியல் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. நாண் எலும்போடு சேருமிடத்து வலிக்கு இம்முறை அத்துணைப் பயனளிக்கவில்லை. 2015இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வோ, வாரம் 3 நாள் கனத்த பளுவை மெல்ல ஏற்றி இறக்கினும் ஏறத்தாழ அதே பயன் உண்டெனக் காட்டிற்று. ஆகவே, சிறப்பு 180 என்னும் எண்ணிக்கையில் இல்லை. அளவறிந்து, படிப்படியாக, பொறுமையோடு சுமையேற்றுவதில்தான் உள்ளது.

சுமையால் நொந்த நாணுக்குச் சுமையே மருந்தாயிற்று. முள்ளை முள்ளால் எடுப்பதென்பது இதுதான். எனினும், எடுக்கும் கைக்குப் பழக்கம் வேண்டும். தேர்ந்தவர் துணையின்றி இம்முயற்சியில் இறங்குதல் தகாது.