வீட்டுப்பாடமும் வீட்டுவேலையும்: கரிசல் சாயங்காலத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்கிற விவாதம் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை கிளம்பி அடங்குகிறது. 1993இல் யஷ்பால் குழு, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் கூடாது, வீட்டுச் சூழலைத் தேடியறிகிற வேலையாக இருந்தால் மட்டும் தரலாம் என்றது. 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று உத்தரவிட்டது. 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்று கணக்குச் சொன்னது.

இவை எல்லாமே பையின் எடையை, மணிக்கணக்கை, பிள்ளையின் மனஅழுத்தத்தைப் பேசுகின்றன. 'வீட்டுப்பாடம்' என்கிற சொல்லில் முதலில் இருக்கிற 'வீடு' பற்றிப் பேச்சே இல்லை. எந்த வீடு? அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது? அந்த நேரம் யாருக்குச் சொந்தம்?

அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில், தேவாலயம் - குடும்பம் என்றிருந்த பழைய இணையின் இடத்தைப் பள்ளி - குடும்பம் என்கிற இணை பிடித்துக்கொண்டது என்கிறார். அந்த இணைப்புக்கோடு நம்மூரில் எப்படிப் போடப்பட்டது, யாருக்கு அது கோடாகவும் யாருக்கு அது சுவராகவும் இருந்தது என்பதை எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்தை வைத்துப் பார்க்க முயல்கிறேன். வீட்டுப்பாடத்தின் வரலாறு என்று தனியாக ஒன்று கிடையாது. பிள்ளையின் சாயங்காலத்துக்காகப் பள்ளியும் குடும்பமும் கூலியும் போட்டுக்கொண்ட வழக்கின் வரலாறுதான் அது.

2

திண்ணைப் பள்ளியிலும் வீட்டுப்பாடம் இருந்தது. உ.வே. சாமிநாதையர் தமது 'என் சரித்திர'த்தில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். சாயங்காலம் பிள்ளைகளை அனுப்புமுன் உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி விடுவார். மறுநாள் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு விளக்கு வேண்டாம், காகிதம் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்த தாய் தகப்பன் வேண்டாம். மாடு மேய்த்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டிடம் எதையும் கேட்காத வீட்டுப்பாடம் அது.

இதைச் சொன்னதும் பழம்பெருமை பேச ஆள் வந்துவிடும். தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பை வைத்துத் தரம்பால் 1983இல் எழுதிய நூல் அந்தப் பெருமைக்குப் பெரிய ஆதாரம். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக மன்றோவின் 1826 குறிப்பு சொல்கிறது. பள்ளிகள் இருந்தன, சரி. ஆனால் சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் ஏற இடமில்லை. பெண்பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். உள்ளே இருந்தவனிடம் வீடு எதையும் கேட்கவில்லை என்றால், யாரை உள்ளே விடலாம் என்பதைத் தெருவும் சாதியும் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தன.

பிறகு வந்த காலனியப் பள்ளி வாசலைச் சட்டப்படி திறந்தது. கூடவே பாடப்புத்தகம், சிலேட்டு, நோட்டு, ஆய்வாளர் வருகை எல்லாம் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னை மாகாணத்தில், பிள்ளைகள் தேறுகிற கணக்குக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம் தருகிற முறை நடந்தது. வாத்தியாருடைய வயிறு பிள்ளையின் தேர்ச்சியில் தொங்கியது. பள்ளி நேரத்தில் முடியாததை வீட்டில் முடித்து வா என்று சொல்லும் தேவை இப்படிப்பட்ட இடத்தில்தான் பிறக்கிறது. வீடு இப்போது பள்ளியின் பின்கட்டு.

எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி, பாப்பாவுக்குப் போட்டுக் கொடுத்த நாள் அட்டவணை நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் விடிந்ததும் படிப்பு; சாயங்காலம் முழுக்க விளையாட்டுக்கு. அதையே மனப்பாடச் செய்யுளாக்கி, சாயங்காலம் வீட்டில் பத்துத் தடவை எழுதிவரச் சொன்ன பள்ளியில் நான் படித்தேன். முரண் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தமிழில் பிள்ளையின் சாயங்காலத்தைப் பிள்ளைக்கே பட்டா போட்டுக் கொடுத்த பிரதிகளில் அதைப்போலப் பரவியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

3

1953 ஜூனில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வி மாற்றத் திட்டத்தை, தமிழகம் கண்ட மிகப் பெரிய 'வீட்டுப்பாடம்' என்று வாசிக்க இடமிருக்கிறது. கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளை ஒரு நாளைக்கு 3 மணி நேரம் மட்டும் வந்தால் போதும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலில் உதவிக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் ஒரு கூட்டம். காந்தியின் ஆதாரக் கல்வியில் தொழில் பள்ளிக்குள் வந்தது. இதில் பிள்ளை தொழிலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். அந்தப் பெயரே பாதிப் போராட்டத்தை ஜெயித்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

சாதித் தொழிலை நிலைநிறுத்துகிறது என்கிற விமர்சனத்தோடு இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். திட்டம் கற்பனை செய்துகொண்ட வீட்டில் ஒரு தறி இருந்தது, ஒரு சக்கரம் இருந்தது, சொல்லிக்கொடுக்கத் தகப்பன் சும்மா உட்கார்ந்திருந்தான். கரிசல்காட்டுக் கூலி வீட்டில் என்ன இருந்தது? மழை பெய்தால் களை எடுப்பு, பருத்தி எடுப்பு. பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அங்கே பிள்ளைக்குக் 'கற்றுக்கொள்ள' இருந்தது கூலி ஒன்றுதான்.

காமராஜரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பாரதி பிறந்த ஊர் என்பதால் நடந்த விழா என்று மட்டும் இதைப் பார்க்கிறோம். 1953க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திசை தலைகீழாகியிருப்பது தெரியும். ராஜாஜி திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. காமராஜர் திட்டம் வீட்டு அடுப்பையே பள்ளிக்குத் தூக்கி வந்தது. வீட்டில் என்ன இல்லையோ அதற்குப் பள்ளி பொறுப்பு என்று அரசு ஒப்புக்கொண்ட இடம் அது. அதே 1956 டிசம்பரில் பிரான்சின் கல்வி அமைச்சகம் தொடக்கப்பள்ளியில் எழுத்து வீட்டுப்பாடத்தைத் தடை செய்து சுற்றறிக்கை விட்டது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் வீட்டுக்கு வீடு இருக்கிற ஏற்றத்தாழ்வைப் பள்ளி தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிற எண்ணம் இரண்டிலும் உண்டு. நாம் சோற்றில் அதைச் செய்தோம். எழுத்தில் செய்யவில்லை.

4

எழுத்தில் செய்யாததன் விலையை இந்த வட்டாரத்தில் தீப்பெட்டி வாங்கிக்கொண்டது. 1920களில் சிவகாசியில் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பரவியது. பெரியவர்களோடு பிள்ளைகளும் 'தீப்பெட்டி ஆபீஸு'க்குக் கட்டை அடுக்கப் போனார்கள். விடியுமுன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பஸ்களைப் பற்றி எண்பதுகளில் நிறைய எழுதப்பட்டது. பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படமே எடுத்தார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

பஸ் எல்லோர் கண்ணிலும் பட்டது. வீடு யார் கண்ணிலும் படவில்லை. 1986ஆம் வருஷச் சட்டம் தீப்பெட்டியை அபாயத் தொழில் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தாரைக் கொண்டு நடத்துகிற பட்டறைக்கு விலக்குக் கொடுத்தது. பெட்டி ஒட்டுவது பெரும்பாலும் வீட்டில்தான். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வீட்டில் குண்டு பல்பு ஒன்றுதான். அதன் கீழே அம்மாவும் அக்காவும் பெட்டி ஒட்ட, அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் நான் வாய்ப்பாடு எழுதினேன். அக்கா வாய்ப்பாடு எழுதுகிறதை அஞ்சாம் வகுப்போடு விட்டிருந்தாள். 144ஐ எதால் பெருக்கச் சொன்னாலும் வாயிலேயே சொல்லுவாள். பள்ளிக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

பள்ளிக்குத் தேவைப்பட்டது 'பெற்றோர் கையொப்பம்'. நாட்குறிப்பின் அந்தச் சின்னக் கட்டத்தை நான் ஒரு முக்கியமான வரலாற்று ஆவணமாகவே கருதுகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த, சாயங்காலம் வீட்டில் இருக்கிற, நோட்டை வாங்கிப் பார்க்கிற ஒரு பெற்றோரை அது அனுமானித்துக்கொள்கிறது. உப்பளத்துக்கு இருட்டோடு போகிறவளும் ஆபீஸில் நைட் பார்க்கிறவனும் அந்தக் கட்டத்துக்கு வெளியே. அம்மா கையெழுத்தை அக்கா போட்டாள். அது தெரிந்துபோன நாளில் என்னை வெளியே நிறுத்தினார்கள். "ஒங்க வீட்ல ஒருத்தருமா படிக்கல?" என்று கேட்டார்கள். பூர்தியூ 'பண்பாட்டு மூலதனம்' என்று பெயர் வைத்ததன் தமிழ் வாக்கியம் இதுதான்.

பின்னால் வந்த சீர்திருத்தங்களும் இந்த அனுமானத்தைக் கலைத்துவிடவில்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு 'செயல்திட்டம்' பரவியது. சார்ட் வாங்கு, படம் வெட்டு, ஒட்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் சார்ட்டுக்கும் படத்துக்கும் காசு. அதுவரை கூலிக்கு ஒட்டிய கை, மறுபடி பசையைத் தொட்டது. 2020இல் கொரோனாவில் பள்ளி மூடியதும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு போன் இருந்த வீட்டில் அந்தப் போன் வேலைக்குப் போன தகப்பனின் சட்டைப்பையில் இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திரும்பத் திறந்தன.

5

அப்படியானால் வீட்டுப்பாடத்தைத் தடை செய்துவிட்டால் தீர்ந்துபோகுமா? செயல்பாட்டு நண்பர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கலிபோர்னியா 1901இலேயே 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீட்டுப்பாடத்தைத் தடை செய்தது, 1917இல் தடையை எடுத்துவிட்டது. 2021இல் சீனம் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்றது. தடை அவ்வளவு புதிய யோசனை இல்லை.

நம்மூர் நிலைமையில் தடையோடு இன்னொரு சட்டத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுவரை வேலைக்கு வைப்பதை முழுசாகத் தடுக்கிறது. ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை 'உதவலாம்' என்கிறது. 1953இன் மதியம் 2016இல் சாயங்காலமாகத் திரும்பி வந்திருக்கிறது, யாரும் ஊர்வலம் போகவில்லை. வீட்டுப்பாடத்தை எடுத்துவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரம் டியூஷனுக்கும் பாட்டு வகுப்புக்கும் போகும். கரிசல் வீட்டில் அது வேலைக்குப் போகும். சாயங்காலம் காலியாக விடப்பட்டால் யார் வலுவோ அவர் எடுத்துக்கொள்வார்.

எனவே இரண்டு விஷயங்களை விவாதத்துக்கு வைக்கிறேன். ஒன்று, பொதுச் சாயங்காலம். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டியது. வந்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள், மாசம் 1,000 ரூபாய். அந்த உழைப்புச் சுரண்டலை நாம் கண்டிக்க வேண்டும். அதே சமயம் தொண்ணூறுகளின் அறிவொளி மையங்கள்போல, வீடுமல்லாத பள்ளியுமல்லாத ஓர் இடம் சாத்தியம் என்பதையும் அது காட்டியது. சோற்றுக்குப் பள்ளி பொறுப்பேற்றதுபோல விளக்குக்கும் ஏற்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டைப் பற்றிய பாடம். தாத்தாவிடம் கேட்டு வா, அம்மாவின் வேலையை எழுதி வா என்று முற்போக்கு ஆசிரியர்கள் தரும் பணிகளைக் கண்டு, இது குலக்கல்வியின் மறுவருகை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1953இல் பிள்ளை வீட்டுக்குப் போனது தகப்பனாக ஆவதற்கு. இதில் போவது தகப்பனின் வேலையைக் கேள்வி கேட்பதற்கு. குரோஸுக்கு எவ்வளவு கூலி, கடையில் பெட்டி என்ன விலை, நடுவில் உள்ளது யாருக்குப் போகிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கழித்தல் கணக்காகப் போட்டு வரலாம். இதைக் கேட்காமல் தொழிலின் பெருமையை மட்டும் எழுதச் சொன்னால் நண்பரின் பயம் உண்மையாகும்.

வீட்டு ஒட்டு வேலை இயந்திரப் பெட்டியால் இன்று பெருமளவு குறைந்துவிட்டது. நாட்குறிப்பில் கையொப்பக் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பதிலாக, 'இன்று வீட்டில் யாருக்கு என்ன வேலை இருந்தது?' என்று ஒரு வரியைப் பிள்ளையே எழுத இடம் விடச் சொல்லி நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் கேட்கத் தொடங்கலாம். அந்த வரிகளை ஒரு வருஷம் சேர்த்து வைத்தால் இந்தக் கட்டுரையைவிட நல்ல வரலாறு கிடைக்கும்.