காடி எவ்வளவு குடிக்கும்?



சரித்திரம் என்றாலே ராஜராஜ சோழனும் ராஃபிள்சும்தான் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் டாங்கிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கடந்த பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது அது எனக்குத் தெரிய வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோப்பிக் கடையில் மாமாவின் கூட்டாளிகள் நாலைந்து பேர். எல்லாருமே ஓட்டுநர்கள். ஒருவர் டாக்சி, ஒருவர் லோரி. இன்னொருவன் நம் தோட்டத்துப் பையன். ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவன். ஆறு மாதத்துக்கு முன்புதான் தவணையில் காடி எடுத்திருக்கிறான்.

"உன் காடி எவ்வளவு தம்பி தருது?" என்று கேட்டார் லோரிக்காரர்.

"விக்கிறப்ப லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர்னு காகிதத்தில காட்டினாங்க அண்ணே. பதினொண்ணுதான் வருது. என்னை நல்லா ஏமாத்திட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். எவருக்கும் காகிதத்தில் உள்ளது வரவில்லை. பையன் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய வீதி. 1880-களில் சதுப்பு நிலத்தின் நடுவே போட்ட பாதை. இதை ஒட்டிய சிராங்கூன் சாலை வட்டாரம் அன்று மாடுகளின் ஊர். கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்ற பெயரும் பஃபலோ ரோடு என்ற பெயரும் அதற்குச் சாட்சி. அந்தக் காலத்து வண்டிக்காரருக்குத் தன் மாடு எவ்வளவு புல் தின்னும், எவ்வளவு புண்ணாக்கு கேட்கும் என்பது அத்துப்படி. காகிதத்தில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1896-இல் சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் வந்தது. பக்லி என்ற வெள்ளைக்காரர் வாங்கிய பென்ஸ் அது. அது போட்ட சத்தத்தைக் கேட்ட ஜனங்கள் 'கோப்பி மெஷின்' என்று பெயர் வைத்தார்களாம்.

பெட்ரோல் மலிவாக இருந்தவரை காடி எவ்வளவு குடிக்கிறது என்ற பேச்சு பெரும்பாலும் விளையாட்டுப் பேச்சாகவே இருந்தது. 1939-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவர்கள், நம் கோப்பிக் கடைக்காரர்களைப் போலவே, 'உன் காடியா என் காடியா' என்று பந்தயம் கட்டினார்கள். ஜெயித்தவருக்கு ஒரு கேலனில் 49.73 மைல். லிட்டர் கணக்கில் சுமார் 21 கிலோமீட்டர். அந்தப் பந்தயம் வளர்ந்து மாணவர்கள் தாங்களே வண்டி செய்து ஓட்டும் உலகப் போட்டியாகிவிட்டது. ஆசியப் போட்டி 2010-இல் நம் செப்பாங்கிலும், 2018-இல் சிங்கப்பூர் சாங்கியிலும் நடந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இங்கே கேலனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய ஆட்கள் 'கேலனுக்கு முப்பது மைல்' என்பார்கள். ஆங்கிலேயர் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர்தான். ஆக அதே முப்பது மைல், நம் பக்கம் லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர், அமெரிக்காவில் 12.8. எந்தக் கேலன் என்று கேட்காமல் சண்டை போட்டவர்கள் அனேகம். தமிழ்நாட்டிலோ கிலோமீட்டரில் அளந்துவிட்டு இன்னமும் 'மைலேஜ்' என்றே சொல்கிறார்கள்.

விளையாட்டு வினையானது 1973-இல். அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்க அரசாங்கம் 1975-இல் சட்டம் போட்டது. விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும், அது எவ்வளவு குடிக்கும் என்று காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். நம் பையன் கண்ட காகிதத்தின் பாட்டன் அதுதான்.

சரி, அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரோட்டில் ஓட்டி அல்ல. கட்டடத்துக்குள் உருளைகளின்மேல் சக்கரத்தை நிறுத்தி ஓட்டுகிறார்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். இத்தனை விநாடி இத்தனை வேகம் என்று ஓர் அட்டவணை உண்டு. அமெரிக்காவின் நகர அட்டவணை லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பயணம் ஒன்றைப் பார்த்து எழுதியது. ஐரோப்பாவின் பழைய அட்டவணை 20 நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். மேடு இல்லை, மழை இல்லை, ஏர்கோன் கிடையாது. இந்தியாவின் அட்டவணையும் அதே சாயல்தான். உச்ச வேகம் மட்டும் 90.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கக் கூடாது. எல்லாக் காடிக்கும் ஒரே பரீட்சை வைத்தால்தான் எது அதிகம் குடிக்கும், எது குறைவு என்று ஒப்பிட முடியும். ஆனால் அந்த எண்ணையே வாக்குறுதி என்று நினைத்துப் பணக்கணக்கு போட்டால் சிக்கல்.

அமெரிக்க ஓட்டுநர்கள் சும்மா இருக்கவில்லை. 'காகிதத்தில் உள்ளது வரவில்லை' என்று புகார்கள் குவிந்தன. 1985 மாடல் காடிகளிலிருந்து நகர எண்ணில் 10 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்ணில் 22 விழுக்காடும் அரசாங்கமே குறைத்து எழுதியது. 2008 மாடல்களிலிருந்து ஏர்கோன், அதிக வேகம், குளிர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தது.

ஐரோப்பாவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள், ஒவ்வொரு முறை எண்ணெய் அடிக்கும்போதும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று பதிந்து வந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பதிவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். 2001-இல் காகிதத்தைவிட நிஜச் செலவு 10 விழுக்காடு அளவுக்கே கூடுதல். 2015 வாக்கில் அது சுமார் 40 விழுக்காடாக ஏறியிருந்தது! காடிகள் பரீட்சைக்கு மட்டும் படித்திருக்கின்றன. வகுப்பில் நமக்கும் அப்படிச் சில பிள்ளைகள் உண்டு. 2017 செப்டம்பரில் ஐரோப்பா பழைய பரீட்சையை மாற்றத் தொடங்கியது. புதியது 30 நிமிடம், 23 கிலோமீட்டர். ஏர்கோன் இன்னும் இல்லை. சிங்கப்பூரில் இந்தக் காகிதம் 2009-இல் கட்டாயமானது. அங்கே நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று போடுகிறார்கள். அதுவும் சோதனைக்கூடத்து எண்தான்.

இனி ஜாலான் புசாரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு, பத்தடி நகர்வு, மறுபடி சிவப்பு விளக்கு. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும், பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகம் சூடாகி வீணாகிறது. வெயிலுக்கு ஏர்கோனை அடைக்க முடியாது. நின்ற நிலையிலேயே எஞ்சின் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும்; கிலோமீட்டரோ பூஜ்யம். கடற்பால வரிசையிலும் இதே கதைதான். அன்று டாக்சிக்காரர் மட்டும் கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருந்தார். "என்னோடது ஹைப்ரிட் வாத்தியாரே. ஊருக்குள்ளதான் இது நல்லா தரும்" என்றார். உண்மைதான். அந்த வகைக் காடி பிரேக் பிடிக்கும்போது வீணாவதில் ஒரு பங்கைப் பேட்டரியில் சேர்த்துக்கொள்கிறது. நின்றால் எஞ்சினை அணைத்துவிடுகிறது.

எண்ணெய் வாங்கவென்றே ஜோகூருக்கு ஓடிவந்த சிங்கப்பூர்க் காடிகளின் கதை தனிக் கதை. 1989-இல் அரை டாங்கி, 1991-இல் முக்கால் டாங்கி எண்ணெய் இருந்தால்தான் எல்லை தாண்டலாம் என்று அந்த அரசாங்கம் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இப்போது அந்தப் பையன் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்கிறேன். அவன் தினமும் போய்வர 80 கிலோமீட்டர். 26 நாளுக்கு 2,080. லிட்டருக்கு 18 என்றால் மாதம் 116 லிட்டர் போதும். வருவது 11, ஆகவே 189 லிட்டர். 73 லிட்டருக்கு மேல் துண்டு விழுகிறது. ஒரு பேச்சுக்கு லிட்டர் 2 வெள்ளி என்றாலும் 147 வெள்ளி. தங்கையின் இடைநிலைப்பள்ளி பஸ் காசு, புத்தகக் காசு எல்லாம் அதில்தான் இருந்தது. தகப்பனார் பால்மரம் வெட்டுகிறவர். தவணைக் காகிதத்தில் ஜாமீன் கையெழுத்தும் அவருடையது.

காடியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்று இரவு மாமா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். டாங்கியை நிரப்பு. மீட்டரைக் குறித்துக்கொள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுது. கிலோமீட்டரை லிட்டரால் வகு. 412 கிலோமீட்டர் ஓடி 36 லிட்டர் பிடித்தால் 11.4. ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதே, ஐந்து தடவை பார். டயரில் காற்று குறையவிடாதே. பின்பெட்டியில் கிடக்கும் சாமான்களை இறக்கு.

இந்தத் தவணையில் ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் இதையே பயிற்சியாக வைத்திருக்கிறேன். காடி வாங்க எண்ணியிருக்கும் பெற்றோர்கள், விற்பவர் தந்த காகிதத்தையும் வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுப்புங்கள். மோட்டார் சைக்கிள் கணக்கும் போட்டுத் தருவோம்.