ஒரே ட்ரோன்... கேமராவும் தூக்கும், மருந்தும் தூக்கும்! மாணவர்கள் கட்டும் குவாட்காப்டரில் எடைதான் எல்லாமே

2015 நவம்பர் மழையை கடலூர் மாவட்டத்துக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஊரைச் சுற்றி வெள்ளம் நிற்கும்போது, உள்ளே யார் சிக்கியிருக்காங்க, என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிறதே பெரும்பாடு. அங்கே முதலில் பறந்து போய்ப் பார்க்க ஒரு ட்ரோன் இருந்தால்? அதே ட்ரோன் மற்ற நாட்களில் சிதம்பரம் பக்கத்து நெல் வயலைப் படம் பிடித்தால்?

பொறியியல் மாணவர்கள் ‘பல்நோக்கு குவாட்காப்டர்’ கட்ட ஆசைப்படுவது இதற்காகத்தான். அது எப்படி வேலை செய்யுது? பார்க்கலாம்.

எப்படிப் பறக்குது?

குவாட்காப்டரில் நான்கு மோட்டார்கள். இரண்டு வலப்புறமாகவும், இரண்டு இடப்புறமாகவும் சுழலும். எல்லாம் ஒரே திசையில் சுழன்றால் ட்ரோனே தட்டாமாலை சுற்ற ஆரம்பித்துவிடும்! நான்கும் வேகமெடுத்தால் மேலே ஏறும். பின்பக்க மோட்டார்கள் மட்டும் வேகமெடுத்தால் முன்னே சாய்ந்து நகரும். இதையெல்லாம் நொடிக்குப் பல நூறு முறை கணக்குப் போட்டு கட்டுப்படுத்துவது ‘ஃப்ளைட் கன்ட்ரோலர்’ என்ற சின்ன சர்க்யூட் போர்டு.

எடைக் கணக்கு என்ன?

ட்ரோனின் மொத்த எடையைப் போல இரண்டு மடங்கு தூக்கும் விசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உதாரணத்துக்கு, பேட்டரியோடு சேர்த்து 1.5 கிலோ என்றால், 3 கிலோ விசை தேவை. ஆக, ஒரு மோட்டாருக்கு 750 கிராம். அதில் 300 கிராம் மருந்துப் பெட்டியை மாட்டினால், ஒவ்வொரு மோட்டாரும் 900 கிராம் தூக்க வேண்டும்.

‘பெரிய பேட்டரி போட்டா போச்சு’ன்னு தோணலாம். ஆனா பேட்டரிக்கும் எடை இருக்கே! ஓர் அளவுக்கு மேல், பேட்டரியைத் தூக்கவே பேட்டரி செலவாகும்.

அதனால் கேமரா, மருந்துப் பெட்டி இரண்டையும் ஒன்றாகச் சுமக்க விடாமல், தேவைக்கு ஏற்ப கழற்றி மாட்டும்படி அமைப்பதே நல்லது. மாட்டும்போது எடை நடுவில் அமையணும், இல்லைன்னா ஒரு பக்கம் இழுக்கும்.

மருந்து தெளிக்க முடியுமா?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வயலில் பயன்படும் தெளிப்பு ட்ரோன்கள் பெரும்பாலும் 10 லிட்டர் தூக்குபவை. 1.5 கிலோ ட்ரோனால் அது நடக்காது. அதுக்கு வேற உடம்பு, வேற மோட்டார் வேணும்.

சாதித்த தமிழக மாணவர்கள்

சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆலோசகர் யார் தெரியுமா? நடிகர் அஜித்குமார்! தொலைவில் இருப்பவரிடமிருந்து ரத்த மாதிரியை எடுத்துவருவதுதான் அந்தப் போட்டியின் சவால்.

சட்டம் என்ன சொல்லுது?

2021 ட்ரோன் விதிகளும் எடையை வைத்தே வகை பிரிக்கின்றன.

• 250 கிராம் வரை - நானோ
• 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை - மைக்ரோ
• 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை - சிறியது

அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால் பதிவு எண், பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், பச்சை மண்டலத்தில், தங்கள் வளாகத்திலோ தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியிலோதான் பறக்கவிட வேண்டும். மண்டலத்தை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். வளாகத்தைத் தாண்டி வயலுக்கோ வெள்ளப் பகுதிக்கோ கொண்டுபோனால் இந்த விலக்கு பொருந்தாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

மாணவர்கள் கவனிக்க

மேசையில் வைத்து மோட்டாரைச் சோதிக்கும்போது இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள், விரலை வெட்டிவிடும். உப்பிய லித்தியம் பேட்டரியை சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கலாம். முக்கியமா, மழைக்கும் காற்றுக்கும் தாங்குமான்னு பாருங்க. வெள்ள நேரத்தில் உதவணும்னா, முதலில் தாங்க வேண்டியது அதைத்தானே!